சாத்திய கதவு



இரவுச் சமையலை முடித்து, விளக்கடியில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்கும் தாய்மார்கள் நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் உண்டு. அமெரிக்கப் பெண்கள் இலட்சக்கணக்கில் வாங்கிப் படிக்கும் ஒரு கதை வகையைப் பற்றி இன்று உங்களோடு பேசப் போகிறேன். ஆமிஷ் மக்களைப் பற்றிய காதல் கதைகள் அவை.

ஆமிஷ் மக்கள் யார்? 1693ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்துப் பகுதியில் தனியே பிரிந்த கிறிஸ்துவச் சபையினர். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறத் தொடங்கினர். இன்று ஏறக்குறைய 4 இலட்சம் பேர் இருக்கின்றனர். பழைய ஒழுங்கைக் காப்பவர்கள் சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வதில்லை. குதிரை வண்டியில்தான் போவார்கள். ஒருவர் கொட்டகை எரிந்துபோனால் ஊரே கூடி வந்து கட்டிக்கொடுக்கும். லயத்தில் ஒரு வீட்டுக் கல்யாணம் என்றால் எல்லா வீட்டாரும் கூடிக் காய் நறுக்குவோமே, அதைப் போல.

இந்தக் கட்டுக்கோப்புக்கு ஒரு விலையும் உண்டு. ஆமிஷ் பிள்ளைகள் வளர்ந்து, விவரம் தெரிந்த பின்புதான் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அப்போது கொடுத்த வாக்கை மீறி, மனந்திரும்ப மறுப்பவரைச் சபை விலக்கி வைக்கும். அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள்.

பெவர்லி லூயிஸ் என்ற பெண் எழுத்தாளர் 1997ல் எழுதிய ‘தி ஷன்னிங்’ என்ற நாவல் இதைத்தான் சொல்கிறது. தலைப்புக்கு ‘விலக்கி வைத்தல்’ என்று பொருள். கேட்டி என்ற பெண்ணுக்குக் கல்யாணம் நெருங்குகிறது. பரணில் ஒரு குழந்தைச் சட்டை கிடைக்கிறது. தான் வளர்ப்புப் பிள்ளை என்று அறிகிறாள். கல்யாணம் நின்றுபோகிறது, ஊர் அவளை விலக்குகிறது.

இக்கதையை ஒருநாள் மாலை எங்கள் பள்ளிக்கு வந்த தாய்மார்களுக்குச் சொன்னேன். ஓர் அம்மா மட்டும், “அந்தப் பிள்ளையோட அம்மா என்ன பண்ணுச்சு டீச்சர்?” என்று கேட்டார். “மனசு உடைஞ்சு போச்சும்மா” என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய மகள் வேறு சாதிப் பையனை மணந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வீட்டில் அவள் பேரை எடுப்பதில்லை.

நேயர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆமிஷ் பெண் தானாக வாக்குக் கொடுத்தவள். நம் பெண்கள் சாதிக்கு எப்போது வாக்குக் கொடுத்தார்கள்? ஆமிஷ் சபையிலும், தவற்றை ஒப்புக்கொண்டு திரும்புகிறவரை மீண்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். நம்மில் சிலரோ, பேரப்பிள்ளையை இடுப்பில் சுமந்து வாசலுக்கு வந்தாலும் கதவைத் திறப்பதில்லை.

இக்கதைகளை எழுதுவோரில் பெரும்பாலோர் ஆமிஷ் மக்கள் அல்லர். ஆகவே எல்லாவற்றையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் நல்ல கதை நம் வீட்டு வாசலை நமக்குக் காட்டும்.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மா பள்ளிக்கு வந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம். “நம்பர் இருக்கு டீச்சர். பேசத்தான் தைரியம் இல்ல” என்றார். எண்ணை அழுத்திப் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு காகிதம் இருந்தால், இன்றைக்கே எடுங்கள்.