புலியைக் காணச் சென்றோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

சென்ற கோடை விடுமுறையில் நம் குடியிருப்பைச் சேர்ந்த நான்கு குடும்பத்தார், பெரியவரும் சிறியவருமாக 18 பேர், நாகபுரியினின்றும் புறப்பட்டுக் கான்ஹாக் காட்டுக்குச் சென்று வந்தோம். திரும்பி வந்த நாள் முதல் எங்களை எதிர்ப்பட்டோர் அனைவரும் கேட்டது ஒரே வினா: "புலியைப் பார்த்தீர்களா?" இவ்வினாவுக்கு ஆம் என்றும் இல்லை என்றும் ஒரு சொல்லில் விடை கூற எங்களால் இயலவில்லை. ஆதலின், நடந்ததை நடந்தவாறே கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். ஒருவர் வாய் பேசினும், இது நான்கு குடும்பத்தாரும் கூடி ஆய்ந்து எழுதிய உரை என்று கொள்ள வேண்டுகிறோம்.

முதற்கண் அக்காட்டைப் பற்றிச் சில சொற்கள். கான்ஹா, மத்தியப் பிரதேசத்தில் மண்டலா, பாலாகாட் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் சால மரக் காடு. 1955இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. 1972இல் நாடெங்கும் புலிகளை எண்ணியபோது 1,827 என்ற கணக்கே கிடைத்தது. அவ்வாண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டு, 1973 ஏப்ரல் முதல் நாள், புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. அத்திட்டத்துக்கு முதன்முதல் தேர்ந்த ஒன்பது காடுகளுள் கான்ஹாவும் ஒன்று. இடையில் நிலை மீண்டும் தாழ்ந்தது. 2006ஆம் ஆண்டின் மதிப்பீடு 1,411 என்றே காட்டியது. பின்னர் பலருடைய உழைப்பால் 2022இல் அது 3,682 ஆக உயர்ந்துள்ளது. இவ்வெண்களையெல்லாம் புறப்படுமுன்னரே எங்கள் சிறுவர்கள் மனப்பாடம் செய்துவிட்டனர். இத்துணைப் புலிகள் இருக்கையில் நமக்கு ஒன்றேனும் தோன்றாதோ என்பது அவர்களின் கணக்கு. எங்கள் கணக்கும் அதுவே என்பதை மறைப்பதற்கில்லை.

எங்களுடன் வந்த மூதாட்டியார் ஒருவர் பாபநாசத்தை அடுத்த ஊரினர். பொதிய மலை அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர். நாங்கள் புலி, புலி என்று பேசிக்கொண்டு வந்ததைக் கேட்ட அவர், "எங்க காலத்திலே விறகுக்குப் போகையிலே, புலி கண்ணிலே பட்டுறக் கூடாதுன்னு சொரிமுத்தையனாரைக் கும்பிட்டுட்டுப் போவோம். நீங்க என்னடான்னா ரூவா கெட்டிப் புலியைத் தேடுதீங்க!" என்றார். அனைவரும் நகைத்தோம். அச்சொல்லின் பொருள் இரண்டு நாள் கழித்தே எங்களுக்கு விளங்கிற்று.

மேலே திறந்த ஜிப்சி வண்டிகள் மூன்று எங்களுக்குக் கிடைத்தன. வண்டிக்கு அறுவர், அவர்களோடு ஓட்டுநர் ஒருவர், வழிகாட்டி ஒருவர். எங்கள் முதல் வண்டியின் வழிகாட்டி பைகா குலத்து முதியவர். முதல் நாட் காலையில் அவர் எங்களுக்குக் காட்டைப் படிக்கக் கற்பித்தார். புள்ளிமான் வாலை உயர்த்தி, முன்காலால் நிலத்தைத் தட்டிக் கூவினால் அருகில் வேட்டை விலங்கு உண்டென்று ஐயுறலாம். உயர்ந்த கிளையிலிருந்து மந்தி இருமுவது போலக் குரல் கொடுத்தால் ஐயம் வலுக்கும். கடமான் உரக்க ஒலித்தால் பெரும்பாலும் உறுதி என்றார். மந்திகள் மரத்தின் மேல் தின்று உதிர்க்கும் தழைகளைக் கீழே மான்கள் மேய்வதையும் காட்டினார். மேலிருப்பவன் கண், கீழிருப்பவன் மூக்கு. இரண்டும் கூடி ஒன்றையொன்று காக்கின்றன. அன்று மான் கண்டோம், மயில் கண்டோம், காட்டெருமைக் கூட்டம் கண்டோம். புலியைக் காணவில்லை. விடுதிக்குத் திரும்பியபோது, "ஒன்றும் பார்க்கவில்லை" என்று ஊருக்குத் தொலைபேசியில் சொன்னோம். ஒன்றும் பார்க்கவில்லையாம்!

இனி எங்கள் குற்றத்தைக் கூறவேண்டும்.

மறுநாள் பிற்பகல். வைகாசி வெயில் காட்டைச் சுட்டுக்கொண்டிருந்தது. எதிரே வந்த வண்டியார், நீர்க்குட்டைக்குப் போகும் பக்கவழியில் பெண்புலி ஒன்று மூங்கிற் புதரில் படுத்திருப்பதாகச் சொல்லிச் சென்றனர். அவ்வழி அன்று எங்களுக்குக் குறித்துக் கொடுத்த தடத்தில் இல்லை. முதியவர் தலையை அசைத்து மறுத்தார். ஓட்டுநரும் தயங்கினார். அப்போது எங்களுள் ஒருவர் கை ரூபாய்த் தாள்களை நீட்டிற்று. அவர் பெயர் வேண்டா. எங்கள் அனைவர் உள்ளமும் அப்போது அந்தக் கையில்தான் இருந்தது. பிள்ளைகள் கெஞ்சினர். ஓட்டுநர் இளைஞர், வீட்டில் இரு குழந்தைகள் உடையவர். வண்டியைத் திருப்பினார்.

நாங்கள் சென்று சேர்ந்தபோது பத்துப் பதினைந்து வண்டிகள் முன்னரே குழுமியிருந்தன. புதருக்கும் குட்டைக்கும் நடுவில் மதில் எழுப்பியது போல அவை நின்றன. அந்த மதிலில் எங்கள் வண்டிகளும் சேர்ந்தன. சற்று நேரத்தில் மூங்கில் அசைந்தது. பெண்புலி முகத்தை வெளியே நீட்டிற்று, எங்களைப் பார்த்தது, குட்டையைப் பார்த்தது, திரும்பிவிட்டது. நாங்கள் கண்டது முதுகின் வரிகளும் வாலின் நுனியுமே. எண்ணிப் பார்த்தால் நான்கு நொடி இருக்கும். படக்கருவிகள் ஒலித்தன, சிலர் கை தட்டவும் செய்தனர். முதியவர் மட்டும் தலை குனிந்திருந்தார். "அதற்குக் குட்டிகள் உண்டு. அவை காலையிலிருந்து நீர் குடித்திருக்க மாட்டா" என்று இந்தியில் மெல்லச் சொன்னார். அதன்பின் எங்கள் வண்டியில் ஒருவரும் பேசவில்லை.

வாயிலில் வனக்காவலர் வண்டி எண்ணைக் குறித்து வைத்திருந்தார். ஓட்டுநர் ஏழு நாள் காட்டுக்குள் வரலாகாது என்று தண்டம் விதிக்கப்பட்டது. நாங்கள் அதிகாரியிடம் சென்று, பிழை எங்களுடையது, தூண்டியவர்கள் நாங்களே என்று முறையிட்டோம். அவர் பொறுமையுடன் கேட்டார். ஆயினும், இன்று இதைப் பொறுத்தால் நாளை எவரையும் தடுக்க இயலாது என்று கூறிவிட்டார். அது நேர்மையான விடையே. 2012இல் உச்ச நீதிமன்றம் புலிக்காடுகளின் உட்பகுதியில் சுற்றுலாவைச் சில திங்கள் நிறுத்தி வைத்ததும், பின்னர் நெறிமுறைகளோடு திறந்துவிட்டதும் எங்களைப் போன்றோரின் ஆசைக்கு வேலி இடுவதற்கே அன்றோ?

ஏழு நாட் கூலியைத் திரட்டி ஓட்டுநரிடம் கொடுத்தோம். அவர் அதனை வாங்கிக்கொண்டு, "கூலியை நீங்கள் கொடுத்துவிடலாம், கெட்ட பெயரை யார் வாங்கிக்கொள்வது?" என்று கேட்டார். சினந்து கேட்கவில்லை, கேட்டார், அவ்வளவே. எங்களிடம் விடை இல்லை.

அன்றிரவு நால்வர் குடும்பமும் ஒருங்கே அமர்ந்து பேசினோம். மூன்றாம் நாள் காலையில் வழிகாட்டியிடம், "பெரியவரே, இன்று நாங்கள் புலி கேட்கமாட்டோம். நீங்கள் காட்ட விரும்புவதைக் காட்டுங்கள்" என்றோம். அவர் எங்களை ஓர் அகன்ற புல்வெளியின் ஓரத்தில் கொண்டு நிறுத்தினார். பனி போல மெல்லிய ஒளியில் பாரசிங்கா மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கிளை கிளையாய்ப் பிரியும் கொம்புகளை உடையமையால் பன்னிரு கொம்பு என்னும் பொருளில் அப்பெயர் பெற்றவை. கெட்டி நிலத்தில் வாழும் இவ்வகை பாரசிங்கா, 1970ஆம் ஆண்டளவில் கான்ஹாவில் 66 என்னும் அளவுக்குக் குறைந்து போயிற்று. புல்வெளிகளைப் பேணியும், வேலியிட்ட இடத்தில் வைத்து இனம் பெருக்கியும் அதனை மீட்டனர். இன்று அது மத்தியப் பிரதேசத்தின் மாநில விலங்கு.

"இந்தப் புல்வெளி எப்படி உண்டாயிற்று, தெரியுமா?" என்று முதியவர் கேட்டார். "இங்கே ஊர் இருந்தது. என் பாட்டனின் வீடு, அதோ அந்த இலுப்பை மரத்தின் பக்கம் இருந்தது. காட்டுக்காக எங்களை வெளியே குடியேற்றினார்கள்." கான்ஹாவின் புல்வெளிகள் பலவும் இவ்வாறு ஊர் பெயர்ந்த இடங்களே. பைகா மக்கள், நிலத்தாயின் மார்பை ஏரால் கீறலாகாது என்று கருதி, காட்டைச் சிறிது திருத்தி விதை தூவி வாழ்ந்தவர்கள். அவர்கள் தம் ஊரை விட்டுப் போனார்கள். அங்குப் புல் வளர்ந்தது. புல்லால் மான் பெருகிற்று. மானால் புலி பிழைத்தது. ஒரு புலிக்கு ஓராண்டில் ஏறத்தாழ 50 மான் இரை வேண்டும்; மந்தை குன்றாமல் அவ்வளவு கிடைக்க 500 மான் அளவேனும் அக்காட்டில் மேய வேண்டும் என்று அறிஞர் கணக்கிடுகின்றனர். நாங்கள் கண்ட நான்கு நொடிக்குப் பின்னால் எத்துணை மான்கள், எத்துணைப் புல், எத்தனை குடும்பங்களின் முற்றங்கள்!

"வருத்தம் இல்லையா?" என்று நம் மூதாட்டியார் வினவ, அதனை மொழிபெயர்த்துச் சொன்னோம். "உண்டு. ஆனால், என் வீடு இருந்த இடத்தில் மான் மேய்கிறதே, அதைப் பார்க்க நாள்தோறும் வருகிறேன்" என்றார் அவர். சொந்த ஊரை விட்டுவந்த நமக்கு அவர் குரல் அயலாகத் தோன்றவில்லை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பிழைப்பை நாடி நாமே புறப்பட்டு வந்தோம். அவர்கள் புறப்படச் செய்யப்பட்டவர்கள். அதை மறந்துவிட்டுக் காட்டின் அழகை மட்டும் புகழ்தல் முறையாகாது.

திரும்புகையில், நாங்கள் வந்த அதே மண்பாதையில் முதியவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். காலையில் எங்கள் சக்கரம் பதித்த தடத்தின் மேலேயே புலியின் அடிச்சுவடு புதிதாகப் பதிந்திருந்தது. நாங்கள் கடந்து சென்றபின் அது எங்கள் பின்னே நடந்து சென்றிருக்கிறது. "அது உங்களைப் பார்த்துவிட்டது" என்றார் முதியவர். சிறுவர்கள் அச்சுவட்டைச் சுற்றி மண்டியிட்டு நெடுநேரம் பார்த்தனர். எவரும் படம் எடுக்கவில்லை.

அன்பர்களே! நாகபுரிக்கு மீளும் வழியில், சிவனியைக் கடந்து பெஞ்ச் காடுகளின் ஊடே வந்தோம். நம்மில் பலர் மதுரைக்கும் நெல்லைக்கும் வண்டியில் செல்லும் அதே 44ஆம் எண் நெடுஞ்சாலை அது. தெற்கே கன்னியாகுமரியில் முடிவது. மகாராஷ்டிர எல்லைக்குள் அச்சாலையின் சில பகுதிகளைத் தூண்களின் மேல் உயர்த்தி, விலங்குகள் அடியில் கடந்து செல்ல வழி விட்டிருக்கிறார்கள். அவற்றுள் நீண்டது 750 மீட்டர். அவ்வழியே புலிகள் நடப்பதைத் தானியங்கிப் படக்கருவிகள் பதிந்துள்ளன. வளர்ந்த இளம்புலி தாயின் எல்லையை விட்டுத் தனக்கென ஓர் இடம் தேடிப் புறப்படும். கான்ஹாவுக்கும் பெஞ்சுக்கும் இடையே உள்ள காடுகள் அதற்கு வழியாக உதவுகின்றன. மேலே நாம் ஊருக்குப் போகிறோம். கீழே அது ஊர் தேடிப் போகிறது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நாகபுரி மக்கள் பருகும் நீரின் பெரும்பகுதி பெஞ்ச் ஆற்று நீர். அந்த ஆறு புலிக்காட்டினூடே வருவது. ஆகவே, புலியைக் காணாத நாளிலும் புலிக்காட்டின் உப்பைத் தின்கிறோம், அதன் நீரைக் குடிக்கிறோம். அதன் நீரைக் குடிக்கும் நாமே ஒரு தாய்ப்புலியைக் குட்டைக்குச் செல்லவொட்டாமல் மறித்தோம் என்பது இன்றும் எங்கள் நெஞ்சை உறுத்துகின்றது.

இனிச் செல்வோருக்குச் சில வேண்டுகோள். வண்டி ஓட்டுபவரை அவசரப்படுத்தாதீர்கள். கையில் பணத்தை எடுக்காதீர்கள். விலங்குக்கும் நீருக்கும் நடுவில் உங்கள் வண்டி நிற்குமானால் பின்னே போகச் சொல்லுங்கள்; காட்சி போனாலும் போகட்டும். வழிகாட்டியிடம் அவர் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். சென்று வந்தவரைக் காணும்போது, "புலியைப் பார்த்தீர்களா?" என்பதோடு நிறுத்தாமல், "எப்படி நடந்துகொண்டீர்கள்?" என்றும் வினவுங்கள். எங்களை எவரேனும் அவ்வாறு வினவியிருப்பின், இரண்டாம் நாளைப் பற்றி நாணியும், மூன்றாம் நாளைப் பற்றி மகிழ்ந்தும் விடை கூறியிருப்போம்.

அந்த ஓட்டுநர் மீண்டும் பணிக்குத் திரும்பிவிட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த ஆண்டும் செல்ல எண்ணியுள்ளோம். இம்முறை அவர் வண்டியையே கேட்டிருக்கிறோம். வர இசைந்திருக்கிறார்.