குளிசைக்கு நோன்பு தெரியாது



எல்லாம் வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனது தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறி இவ்வுரையை ஆரம்பிக்கிறேன்.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே,

ரமழான் மாதத்தின் ஓர் அதிகாலையை உங்கள் மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். ஸஹர் உணவுக்காக வீடு விழித்திருக்கிறது. அறுபது வயதைத் தாண்டிய வாப்பா, பல ஆண்டுகளாகச் சீனி வருத்தத்திற்கு மருந்து எடுப்பவர். வழமையாகக் காலை உணவோடு எடுக்கும் குளிசையை, அதே அளவில், ஸஹர் நேரத்தில் எடுத்துக்கொள்கிறார். தூக்கக் கலக்கத்தில் சோறு இறங்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டு, ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு நிய்யத் வைக்கிறார்.

அஸர் தொழுகை முடிந்த நேரம். வாப்பாவின் சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது. கைகள் நடுங்குகின்றன. எப்போதும் மென்மையாகப் பேசுபவர் காரணமின்றி எரிந்து விழுகிறார். வீட்டார் என்ன நினைக்கிறார்கள்? “நோன்பின் களைப்பு. பாங்கு சொல்லும் வரை சற்றுப் படுத்திருங்கள் வாப்பா” என்று கூறி மின்விசிறியையும் போட்டு விடுகிறார்கள். மஃரிபுக்குப் பாங்கு ஒலிக்கும்போது பேரீச்சம்பழத்தோடு எழுப்பச் சென்றால், அவர் எழும்பவில்லை.

இந்த வீட்டில் அன்புக்கும் குறைவில்லை, ஈமானுக்கும் குறைவில்லை. ஒரேயொரு செய்திதான் அங்கு எட்டவில்லை. குளிசைக்கு நோன்பு தெரியாது என்பதே அது. வயிற்றில் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

இம்மருந்து வகை கண்டறியப்பட்ட வரலாறே இதற்குச் சான்றாகும். 1942ஆம் ஆண்டு பிரான்ஸின் மொன்ட்பெலியே நகரில் ஜான்போன் என்ற வைத்தியர், நெருப்புக் காய்ச்சல் நோயாளருக்குப் புதியதொரு சல்பா மருந்தைக் கொடுத்தார். எதிர்பாராத விதமாக அவர்களுட் சிலருக்கு இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்குக் குறைந்தது. அந்த விபரீதத்தை ஆராய்ந்ததிலிருந்தே சல்போனைல்யூரியா எனப்படும் நீரிழிவுக் குளிசைகள் உருவாகின. சீனியைக் குறைப்பதே அவற்றின் இயல்பு. எனவே உண்ணும் நேரத்தை நாம் மாற்றும்போது, குளிசையின் நேரத்தையும் அளவையும் மாற்றியே ஆகவேண்டும்.

நேயர்களே, 2001ஆம் ஆண்டில் 13 நாடுகளைச் சேர்ந்த 12,243 நீரிழிவாளர்களிடம் எபிடயார் என்னும் ஆய்வு நடத்தப்பட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உடையோரிடையே, வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் அளவுக்குச் சீனி குறைந்த சம்பவங்கள், ஏனைய மாதங்களில் நூறு பேருக்கு மாதம் 0.4 ஆக இருந்தன. ரமழானில் அது 3 ஆக உயர்ந்திருந்தது. ஏழு மடங்குக்கும் அதிகம்! இது நோன்பின் குற்றமன்று. ஆயத்தமின்றி நோன்புக்குள் நுழைவதன் விளைவாகும்.

ஆயத்தம் என்பது என்ன? முதலில், நீங்கள் எடுக்கும் குளிசை எது என்பதை அறிந்துகொள்ளுங்கள். “காலையில் ஒரு வெள்ளை, இரவில் ஒரு வெள்ளை” என்பது மருந்தின் பெயரன்று. கிளினிக் கொப்பியைத் திறந்து பெயரைக் கேட்டறியுங்கள்.

மெற்போமின் என்பது மிகப் பரவலாக வழங்கப்படும் குளிசை. இது ஈரல் வெளிவிடும் சீனியைக் குறைக்கிறது. தனியாக எடுக்கும்போது சீனியை ஆபத்தான அளவுக்கு வீழ்த்துவது அரிது. உணவோடு அல்லது உணவு உண்ட உடனே எடுத்தால் வயிற்றுக் குமட்டலும் வயிற்றோட்டமும் குறையும். மெதுவாகக் கரையும் வகையாயின் அதை உடைக்கவோ நசுக்கவோ கூடாது. சிறுநீரகம் பழுதுற்றோருக்கு இம்மருந்து தீங்காகலாம் என்பதால், சிறுநீரகத்தின் நிலையை அறியும் இரத்தப் பரிசோதனையைக் காலத்துக்குக் காலம் செய்வித்துக்கொள்ளுங்கள். கடும் வாந்தி, வயிற்றோட்டம் ஏற்பட்டு உடல் வரண்டு போனால் இதைத் தொடர்வது பற்றி உடனே வைத்தியரிடம் கேளுங்கள்.

கிளிக்கிளசைட், கிளிமெபிரைட், ரொல்பியூட்டமைட், கிளிபென்கிளமைட் ஆகியவை சல்போனைல்யூரியா வகையைச் சேர்ந்தவை. இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. நாம் முன்னர் கண்ட வாப்பா எடுத்தது இவ்வகையே. இவற்றுள் கிளிபென்கிளமைட் நீண்ட நேரம் வேலை செய்வதால் முதியோருக்கும் நோன்பாளிகளுக்கும் ஆபத்துக் கூடியது. உங்கள் கொப்பியில் அப்பெயர் இருந்தால், வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் வினவுங்கள்.

எம்பாகிளிப்ளோசின், டபாகிளிப்ளோசின் போன்ற பிந்திய கால மருந்துகள் சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றுபவை. அதனுடன் நீரும் வெளியேறும். இவற்றை எடுப்போர் இரவில் போதிய அளவு தண்ணீர் அருந்த வேண்டும். சிட்டகிளிப்டின், வில்டகிளிப்டின் போன்றவை தனியாகச் சீனியை அதிகம் வீழ்த்துவதில்லை.

இரண்டாவதாக, வைத்தியரிடம் முன்கூட்டியே செல்லுங்கள். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் பங்கேற்று 2021இல் வெளியிட்ட ரமழான் வழிகாட்டி, நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரே இச்சந்திப்பு நிகழ வேண்டும் என்கிறது. அதாவது, ரஜப் மாதத்தின் ஆரம்பத்திலோ நடுப்பகுதியிலோ கிளினிக்கில் உங்கள் முறை வரும்போது, “நான் நோன்பு நோற்க எண்ணியுள்ளேன், குளிசைகளை எப்படி எடுப்பது?” என்று வாய் திறந்து கேளுங்கள். கூட்டம் அதிகம், வைத்தியருக்கு நேரமில்லை என்று திரும்பிவிடாதீர்கள். அவர் முஸ்லிமா அல்லரா என்றும் தயங்காதீர்கள். எமது நாட்டில் பகல் முழுவதும், ஏறத்தாழ 13 முதல் 14 மணிநேரம், தண்ணீர்கூட அருந்தமாட்டோம் என்று விளக்கிச் சொன்னால் போதுமானது.

வைத்தியர்கள் பொதுவாக மேற்கொள்ளும் மாற்றங்களை அறிந்து வைத்திருப்பது நல்லது. நாளுக்கு ஒரு வேளை மெற்போமின் எடுப்பவருக்கு அது இஃப்தாருக்கு மாற்றப்படும். இரு வேளை எடுப்பவருக்கு இஃப்தாரும் ஸஹரும். மூன்று வேளையாயின், காலைக்குரியது ஸஹரிலும், பகலுக்குரியதும் இரவுக்குரியதும் சேர்ந்து இஃப்தாரிலும் அமையும். கிளிக்கிளசைட் போன்றவை ஒரு வேளையாயின் இஃப்தாரில் எடுக்கப்படும். இரு வேளையாயின் ஸஹருக்குரிய அளவு பெரும்பாலும் குறைக்கப்படும். வழமையில் காலையில் கூடுதலாகவும் இரவில் குறைவாகவும் எடுப்பவருக்கு அந்த ஒழுங்கே தலைகீழாகலாம். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். இது கேட்டறிய வேண்டிய விடயமேயன்றி, இவ்வுரையை வைத்துக்கொண்டு வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டிய மாற்றமன்று. சிறுநீரகமும் வயதும் ஏனைய மருந்துகளும் ஒருவருக்கொருவர் வேறுபடும். அயல்வீட்டாரின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

மூன்றாவதாக, நோன்பை எப்போது விட வேண்டும் என்பதை நோன்பு பிடிக்கும் முன்பே அறிந்திருங்கள். இரத்தத்தில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினாலோ, 300 மில்லிகிராமுக்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டல். வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, கண் மங்கல், பேச்சுத் தடுமாற்றம், காரணமற்ற கோபம் ஆகியவை சீனி குறைவதன் அடையாளங்கள். சோதிக்கும் கருவி வீட்டில் இல்லாவிட்டால், இவற்றைக் கண்டதுமே சீனி குறைந்துவிட்டதாகக் கொண்டு செயற்படுங்கள். விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பது உலமாக்களிடையே பரவலான கருத்தாகும். எனவே பகலில் சோதிப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

அடையாளம் தென்பட்டால், மூன்று அல்லது நான்கு தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். பதினைந்து நிமிடங்களில் தெளிவு வராவிட்டால் மீண்டும் கொடுங்கள். தெளிந்த பின்னர் சோறோ பாணோ உண்ணச் செய்யுங்கள். அகார்போஸ் என்ற மருந்து எடுப்போருக்குச் சாதாரண சீனி மெதுவாகவே உடலில் சேரும். அவர்களுக்குக் குளுக்கோஸ் மாவே ஏற்றது. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழாய்க்குள் சென்றுவிடும். அவரை ஒருபுறம் சரித்துப் படுக்கவைத்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கிளிபென்கிளமைட் போன்றவற்றால் குறைந்த சீனி, ஒருமுறை ஏறிய பின்பும் மீண்டும் வீழலாம். ஆகவே தெளிந்துவிட்டார் என்று எண்ணி வீட்டில் வைத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கண்ணியமிக்க சகோதரர்களே, இங்கேதான் எமது முதியவர்களின் உள்ளத்தில் ஒரு போராட்டம் எழுகிறது. “இன்னும் ஒரு மணித்தியாலம்தானே, மஃரிபுக்குப் பொறுத்துக்கொள்கிறேன்” என்பார்கள். சிலர் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் நோன்பை விட வெட்கப்படுவார்கள். சூரத்துல் பகராவின் 184ஆம், 185ஆம் வசனங்கள் நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அளித்திருக்கின்றன. அது வைத்தியர் தந்ததன்று, படைத்தவன் தந்தது. கழாச் செய்ய இயலாத நிரந்தர நோயாளிக்குப் பித்யாவின் வழி இருக்கிறது. இது பற்றிய விளக்கத்தை உங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டறியலாம். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்கள் அறிவிக்கின்றன. உடல் எமக்குத் தரப்பட்ட அமானத் ஆகும். அந்த ஒரு மணித்தியாலத்தில் உயிரே போய்விடக்கூடும் என்றிருக்க, அல்லாஹ் தந்த சலுகையை வேண்டாம் என்று தள்ளுவது பக்தியாகுமா? சிந்தியுங்கள். பிள்ளைகளே, உங்கள் வாப்பாவோ உம்மாவோ நோன்பை விட்டால் முகம் சுளிக்காதீர்கள். நீங்களே தண்ணீரை எடுத்துக் கொடுங்கள்.

நோன்பு திறந்த பின்னரும் கவனம் தேவை. பகலெல்லாம் காத்த சீனி, சர்பத்திலும் வட்டிலப்பத்திலும் பொரித்த பண்டங்களிலும் ஒரே மணித்தியாலத்தில் உச்சத்துக்கு ஏறிவிடும். கூடச் சாப்பிட்டதற்காகக் குளிசையைக் கூட்டி எடுப்பது பெருந்தவறு. ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் அளவான கஞ்சியும் போதும். ஸஹரைத் தவறவிடாதீர்கள். இயன்றவரை பிற்படுத்தி உண்ணுங்கள்.

இறுதியாக, ரமழானுக்கு மட்டுமன்றி ஆண்டு முழுவதற்கும் உரிய சில எச்சரிக்கைகள்.

அரசாங்க வைத்தியசாலையில் கடதாசி உறையில் தரும் மெற்போமினும், தனியார் மருந்தகத்தில் வாங்கும் குளுக்கோபேஜும் ஒரே மருந்துதான். டயமைக்ரோன் என்பது கிளிக்கிளசைட். டயோனில் என்பது கிளிபென்கிளமைட். அமரில் என்பது கிளிமெபிரைட். பெயர் வேறு என்பதால் இரண்டையும் எடுத்து இரட்டிப்பு அளவை விழுங்குவோர் உளர். எந்த வைத்தியரிடம் சென்றாலும் எல்லா உறைகளையும் பெட்டிகளையும் ஒரே பையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். உறையிலுள்ள எழுத்து அழியுமுன், மருந்தின் பெயரையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதச் செய்யுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாக எடுக்காதீர்கள். கிளிக்கிளசைட் போன்றவற்றை எடுப்போர், அவ்வேளை உணவைத் தவிர்த்தால் குளிசையையும் தவிர்க்க வேண்டும்.

பாகற்காய்ச் சாறு, கொத்தல ஹிம்புட்டு போன்ற நாட்டு மருந்துகளும் சீனியைக் குறைக்கவல்லவை. அவற்றைக் குளிசையோடு சேர்த்து எடுத்தால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். அவ்வாறே, நோய்த் தொற்றுக்காகவோ பூஞ்சணத்துக்காகவோ வேறு மருந்து எழுதும் வைத்தியரிடமும் சீனிக் குளிசை எடுப்பதைச் சொல்லுங்கள். அவற்றுட் சில, குளிசையின் வேகத்தைக் கூட்டிவிடும்.

குளிசைகளைத் தலையணைக்குக் கீழோ, சாப்பாட்டு மேசையிலோ, பிள்ளைகள் துழாவும் கைப்பையிலோ வைக்காதீர்கள். சல்போனைல்யூரியாக் குளிசை ஒன்றே ஒன்றுகூட ஒரு சிறு பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகலாம்.

அன்பார்ந்தவர்களே, அந்த வாப்பாவின் வீட்டை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ரஜபில் ஒரு கேள்வி கேட்டிருந்தால், ஸஹரில் ஒரு குளிசை குறைந்திருந்தால், அஸருக்குப் பின் ஒரு மகள் அந்த வியர்வையைப் புரிந்துகொண்டிருந்தால், பாங்கு ஒலிக்கும்போது அவர் தம் பேரப்பிள்ளைகளின் நடுவே எழுந்து அமர்ந்திருப்பார். அந்த மகளாக, அந்த மகனாக நீங்கள் இருங்கள். இந்தச் செய்தியை இன்றே உங்கள் வீட்டிலுள்ள மூத்தவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிபாவை அருள்வாயாக! எங்கள் பெற்றோரின் ஹயாத்தில் பரக்கத் செய்வாயாக! உன்னை வணங்குவதற்கு ஆரோக்கியத்தையும், உன் சலுகையைப் பணிவோடு ஏற்கும் உள்ளத்தையும் எமக்குத் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.