எங்க ஊர் கெளுத்திதான் அளவுகோல்

உங்க வீட்டு மீன் தொட்டியில அடி மணலைக் கிளறிக்கிட்டே திரியுற குட்டி மீசை மீன் இருக்கா? கடையில 'கோரி'ன்னு சொல்வாங்க. முழுப்பேர் கோரிடோராஸ். தென் அமெரிக்க ஆறுகளோட சின்னக் கெளுத்தி வகை. இதுல நிறைய மீனுக்கு இன்னும் அறிவியல் பேரே கிடையாது. 'சி' போட்டு ஒரு நம்பர்தான். அந்த நம்பர் ஒரு பேரா மாறணும்னா என்ன வேணும்? அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன். அதுக்கு அமேசான் வரைக்கும் போகவேண்டாம், எங்க தஞ்சாவூர்ப் பக்கமே போதும்.

எனக்கு ஊர் அதிராம்பட்டினம். ஒரு பக்கம் கடலும் உப்பளமும். இன்னொரு பக்கம் காவிரித் தண்ணி கடைசியா வந்து சேருற வயல். வாய்க்கால்ல சின்னக் கெளுத்தி கிடைக்கும். உடம்புல நீளவாக்குல கோடு, நாலு ஜோடி மீசை, குத்தினா விண்ணுனு தெறிக்கிற முள். குழம்பு வைக்கிறவங்களுக்கு அது வெறும் கெளுத்தி. அறிவியல்ல அது மிஸ்டஸ் விட்டேட்டஸ்.

அந்தப் பேரை வச்சவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. மார்கஸ் பிளாக், பெர்லின்ல ஒரு டாக்டர். தரங்கம்பாடியில இருந்த பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் அவருக்கு மீன்களை அனுப்பினார். 1794-ல பிளாக் இந்தக் கெளுத்தியையும், நம்ம தேளியையும் உலகத்துக்கு விவரிச்சு எழுதினார். நாம சாப்பிடுற கத்தாழை மீன்ல ஒரு பேரினத்துக்கு ஜோனியஸ்னு பேர். அது அந்த ஜானோட பேர்தான்.

சரி, இப்போ புது இனம்னு சொல்ல என்ன செய்யணும்? சில மீன்களைப் பிடிச்சு, பாதுகாத்து, துடுப்பு முள்ளை எண்ணணும், மீசை எவ்வளவு நீளம்னு அளக்கணும். அதுல ஒரே ஒரு மீன் ஆதார மாதிரி. அதை ஹோலோடைப்னு சொல்வாங்க. அது மியூசியத்துல இருக்கணும். முக்கியமான வேலை இதுக்கப்புறம்தான் வருது. ஏற்கெனவே பேர் உள்ள ஒவ்வொரு நெருங்கின இனத்துலேர்ந்தும் இது எப்படி வேறன்னு காட்டணும்.

2016-ல இலங்கையில ஒரு கோடு போட்ட புதுக் கெளுத்தியை விவரிச்சாங்க. மிஸ்டஸ் நானஸ். நானஸ்னா குள்ளம். அது புதுசுன்னு சொல்லணும்னா, கோடு போட்ட பழைய கெளுத்தியோட ஒப்பிட்டுத்தானே ஆகணும்? அந்தப் பழைய கெளுத்தியோட அதிகாரப்பூர்வ ஊர் தரங்கம்பாடி. எங்க கடற்கரையோடவே வடக்க போனா வர்ற ஊர்.

இங்கதான் எனக்குக் கவலை. 1794-ல எழுதினதுல டி.என்.ஏ. கிடையாது, இன்னைக்கு எடுக்கிற நுணுக்கமான அளவுகளும் கிடையாது. சந்தேகம் வந்தா டெல்டாவுலேர்ந்து புது மீன் வேணும். ஆனா மேட்டூர் தண்ணி தாமதமானா முதல்ல காயுறது எங்க கடைமடை வாய்க்கால்தான். வயல்ல பூச்சிமருந்து. குளத்துல ஜிலேபி மீனும், தடை செஞ்ச ஆப்பிரிக்கக் கெளுத்தியும். கெளுத்தி உலகத்துலேர்ந்தே அழிஞ்சிடும்னு நான் சொல்லலை, அது பல இடத்துல இருக்கு. ஆனா பேர் வாங்கின ஊர்லயே இல்லாமப் போச்சுன்னா, வேற எங்கேயோ கிடைக்கிற மீனை 'இதுதானா அது?'ன்னு உறுதியா கேட்டுப் பார்க்க இடமில்லை. அளவுகோலே தொலைஞ்ச மாதிரி.

இதுல நமக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. 2023-ல கேரளாவுல நிலத்தடி நீர்ல வாழுற, கண்ணே இல்லாத குட்டிக் கெளுத்தி ஒண்ணை விவரிச்சாங்க. பேரு ஹோரக்ளானிஸ் பாப்புலி. கிணத்துல, குழாய்த் தண்ணியில வந்த மீனைப் பார்த்துத் தகவல் சொன்ன சாதாரண மக்களுக்காக வச்ச பேர் அது.

அதனால அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, வாய்க்கால்ல பிடிச்ச கெளுத்தியைப் பக்கவாட்டுல தெளிவா ஒரு போட்டோ எடுங்க. எந்த ஊர், எந்த வாய்க்கால், என்ன தேதி, அங்க அதுக்கு என்ன பேர்னு சேர்த்து ஐநேச்சுரலிஸ்ட்ல போடுங்க. அப்புறம் தாராளமா குழம்பு வைங்க. முள்ளு மட்டும் பத்திரம்.