வியர்வைக்குக் கூலி கிடைக்கட்டும்

வாசகர் வட்டத்து நண்பர்களே, பயிற்சி முடித்து ஜெர்சியோடு நேராக இங்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே, அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே!

வடசென்னைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் விசில் ஊதிய உடற்கல்வி ஆசிரியன் நான். இந்த மேடையில் முதலில் ஒரு வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விடியற்காலையில் வந்து, சொன்ன சுற்றெல்லாம் ஓடி, ஒருநாள்கூட மட்டம் போடாத பையன்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்து ஸ்டாப் வாட்சைப் பார்த்தால் நேரம் குறைந்திருக்காது. கடைசிச் சுற்றில் மூச்சு இழுக்கும், மார்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களிடம் நான், "இன்னும் உழைக்கணும்டா" என்றேன். அந்தப் பிள்ளைகள் உழைப்பில் குறை வைக்கவில்லை. குறை காற்றில் இருந்தது. அப்போது எனக்கு அது தெரியவில்லை.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டுமல்ல. ஹாங்காங்கில் காற்று மாசு மிகுந்த பகுதிப் பள்ளிப் பிள்ளைகளையும், குறைந்த பகுதிப் பிள்ளைகளையும் இருபது மீட்டர் ஷட்டில் ஓட்டம் ஓடவிட்டு ஒப்பிட்டார்கள். 2004இல் முடிவு வெளிவந்தது. காற்று நன்றாக இருந்த பகுதியில், உடற்பயிற்சி செய்த பிள்ளைகளின் தாக்குப்பிடிக்கும் திறன் செய்யாதவர்களைவிடக் கூடியிருந்தது. மாசு மிகுந்த பகுதியில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அங்கே பிள்ளைகள் வியர்வை சிந்தினார்கள், கூலி கிடைக்கவில்லை.

ஏன் இப்படி? சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 7, 8 லிட்டர் காற்றை இழுக்கிறோம். பந்தைத் துரத்தி ஓடும் பதினைந்து வயதுப் பிள்ளை 60, 70 லிட்டர் இழுக்கும். அதுவும் வாயால் இழுக்கும். மூக்கு செய்யும் வடிகட்டும் வேலை அங்கே தவறிப்போகிறது. தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய் உட்கார்ந்துவிடுகின்றன. வண்டிப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ, ஆக்ஸிஜனைச் சுமக்க வேண்டிய ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். அப்புறம் காலுக்கு எங்கிருந்து பலம் வரும்?

தாய்மார்களே, இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பிள்ளையின் உயரம் போலவே நுரையீரலும் வளர்கிறது. பெண்பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வாக்கிலும், ஆண்பிள்ளைகளுக்கு இருபதைத் தாண்டியும்தான் அந்த வளர்ச்சி முழுமை அடைகிறது. அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாவின் 12 ஊர்களில், பத்து வயதுப் பிள்ளைகளைப் பதினெட்டு வயது வரை ஆண்டுதோறும் கருவியில் ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளந்தார்கள். நுண்துகள் மிகக் குறைந்த ஊரில், பதினெட்டு வயதில் நுரையீரல் திறன் மிகவும் தாழ்ந்திருந்தவர்கள் நூற்றுக்கு 1.6 பேர். மிக அதிகமான ஊரில் 7.9 பேர். ஐந்து மடங்கு! அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஓசோன் மிகுந்த ஊர்களில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விளையாட்டுகள் ஆடிய பிள்ளைகளுக்குப் புதிதாக ஆஸ்துமா வரும் வாய்ப்பு, விளையாடாத பிள்ளைகளைப் போல மூன்று மடங்கு இருந்தது. வளரவேண்டிய வயதில் வளராத நுரையீரலைப் பிற்பாடு எந்த டானிக்கும் வளர்த்துத் தராது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். வியாசர்பாடியில் பந்து உதைக்காத தெரு உண்டா? குத்துச்சண்டை என்றால் வடசென்னை என்றுதானே சொல்வார்கள்? இந்தப் பிள்ளைகளைச் சுற்றி என்ன இருக்கிறது? எண்ணூரில் அனல்மின் நிலையங்கள். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. கொடுங்கையூரில் அடிக்கடி பற்றி எரியும் குப்பைமேடு. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகக் காத்துக்கிடக்கும் கண்டெய்னர் லாரிகள். மாடியில் துணி காயப்போட்டால் கரித்தூள் படிகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2009இலேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியைக் கடுமையாக மாசடைந்த பகுதி என்று அறிவித்தது. அன்று பிறந்த குழந்தை இன்று உங்கள் முன்னால் ஜெர்சி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவு 40. அனல்மின் நிலையங்கள் கந்தகப் புகையை வடிகட்ட வேண்டும் என்று 2015இல் விதி வந்தது. இரண்டே ஆண்டில் முடிக்க வேண்டிய வேலைக்குத் தவணைமேல் தவணை கொடுத்தார்கள். பிள்ளையின் நுரையீரலுக்கு யார் தவணை கொடுப்பது?

இதைக் கேட்டு எந்தத் தாயும் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவிடக் கூடாது. ஓடாத பிள்ளைக்கு வேறு நோய்கள் காத்திருக்கின்றன. காற்றைப் பார்த்து ஓடவேண்டும், அவ்வளவுதான். மார்கழி விடியலில் குளிர்காற்று தரையோடு தேங்கிப் புகையை மேலே போகவிடாமல் வைத்திருக்கும். வெயில் ஏறி, கடல்காற்று வந்த பிறகு பயிற்சியை வைத்துக்கொள்ளலாம். மணலியின் காற்று மாசு அளவை 'சமீர்' என்ற கைபேசிச் செயலி காட்டுகிறது. ஆசிரியர்களே, விசிலை எடுக்கும் முன் அதைப் பாருங்கள். லாரி போகும் சாலையோரம் ஓடவிடாதீர்கள். போகியன்று டயர் கொளுத்தாதீர்கள். 2018 போகிப் புகையில் மீனம்பாக்கத்துக்கு வந்த விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. அந்தப் புகையைத்தானே நம் பிள்ளைகளும் இழுத்தார்கள்?

நம்மால் எங்கே முடியப்போகிறது என்று சோர்ந்துவிட வேண்டாம். அதே கலிபோர்னியாவைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2008 அக்டோபர் முதல் பழைய டீசல் லாரிகளுக்குத் தடை போட்டார்கள். வண்டிகளுக்கும் எரிபொருளுக்கும் கடும் விதிகள் வகுத்து நடைமுறைப்படுத்தினார்கள். பலன் என்ன? அங்கே ஐந்து ஊர்களில், பதினைந்து வயதில் நுரையீரல் திறன் தாழ்ந்திருந்த பிள்ளைகள் 1990களில் நூற்றுக்கு 7.9 பேர். 2011 வாக்கில் பதினைந்து வயதை எட்டியவர்களில் 3.6 பேர். காற்று தெளிந்தது, நுரையீரல் வளர்ந்தது. லாங் பீச்சும் துறைமுக ஊர், நம்முடையதும் துறைமுக ஊர். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஆகவே இந்த மேடையிலிருந்து மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். துறைமுகச் சாலையில் கரும்புகை கக்கும் பழைய லாரிகளை நிறுத்துங்கள். அனல்மின் நிலையங்களின் வடிகட்டிகளுக்கு இனித் தவணை வேண்டாம். ஆண்டுதோறும் பள்ளிகளில் உயரமும் எடையும் அளப்பதுபோல, ஒவ்வொரு பிள்ளையின் நுரையீரல் திறனையும் அளந்து பெற்றோர் கையில் கொடுங்கள். அளந்து எழுதிவைத்த நஷ்டத்தை யாராலும் மறைக்க முடியாது.

பிள்ளைகளே, "இன்னும் உழைக்கணும்டா" என்று உங்களைப் போன்ற பிள்ளைகளிடம் சொன்ன வார்த்தையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஓடுவது உங்கள் வேலை, அதை நீங்கள் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். காற்றைத் தெளிய வைப்பது எங்கள் வேலை. அதை இனியாவது செய்வோம் என்று இந்த அரங்கில் இருக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் இந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டு அமைகிறேன்.