பூதக்கண்ணாடியும் பக்க வெளிச்சமும்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் மைக்ராஸ்கோப் என்கிற நுண்ணோக்கியைப் பற்றியதாகும். நம் ஜனங்கள் கண்ணாடிக்குப் பூதக்கண்ணாடி என்று பேர் வைத்தார்கள். பேர்தான் அப்படியே தவிர, இதுவரையில் அதில் ஒரு பூதமும் தென்பட்டதில்லை. தென்பட்டதெல்லாம் நாம் குடிக்கிற தண்ணீரில் நீந்துகிற சிற்றுயிர்களேயாகும்.

நமது புதுக்கோட்டைச் சீமை கண்மாயையும் ஊருணியையும் நம்பி வாழ்ந்த சீமை. தண்ணீரைச் செம்பில் மொண்டு பார்த்துத் தெளிவாயிருந்தால் நல்ல தண்ணீர் என்போம்; கோவில் குளத்துத் தண்ணீரானால் பார்க்காமலேயே தீர்த்தம் என்போம். சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு தோழர் மைக்ராஸ்கோப்பில் அதில் ஒரு சொட்டை வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? பல சமயங்களில் வெள்ளை வெளிச்சம்தான் தெரியும். உடனே "ஒன்றுமில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? கூடாது. அந்த உயிர்களில் பல, கண்ணாடி போல நிறமற்றவை. நேர் வெளிச்சம் அவற்றை ஊடுருவிப் போய்விடுகிறபடியால் அவை கண்ணுக்கு அகப்படுவதில்லை.

இதற்கு உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கையில் பழைய தமிழி எழுத்துக்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இப்படித் தேய்ந்துபோன கல்லெழுத்தின் மேல் டார்ச் விளக்கை நேராகப் பிடித்தால் எழுத்துச் சரியாகத் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்துத் தெரியும். கல் மாறவில்லை, கண் மாறவில்லை. வெளிச்சம் வரும் திக்குத்தான் மாறிற்று.

மைக்ராஸ்கோப்பிலும் இதைப் போலவே செய்யலாம். இதற்கென்று விலை கொடுத்து ஒரு கருவியும் வாங்க வேண்டியதில்லை. கறுப்பு அட்டையில், மேடைக்கு அடியிலுள்ள வளையத்தில் உட்காருகிற அளவுக்கு ஒரு வட்டம் வெட்டுங்கள். அதன் ஓரத்தில் மூன்றாம் பிறை போல ஒரு திறப்பு வெட்டுங்கள். வெளிச்சத்தைக் குறைக்கிற திரையை முழுதும் திறந்துவிட்டு, அட்டையை வளையத்தில் வைத்து, கண்ணால் பார்த்துக் கொண்டே இப்படியும் அப்படியும் மெல்ல நகர்த்துங்கள். ஓர் இடத்தில் பின்புலம் மங்கும். அதுவரை இல்லாதிருந்த உயிர்கள் செதுக்கி வைத்தாற்போல் எழுந்து நிற்கும். வளையம் இல்லாத பழைய கருவியானால், அடியிலுள்ள கண்ணாடியைச் சற்றே ஒரு பக்கமாகத் திருப்பினாலும் போதும்.

இதன் காரணத்தை 1873இல் ஜெர்மனியில் எர்னஸ்ட் அபே என்பவர் விளக்கினார். நுண்ணிய கோடுகளில் பட்ட வெளிச்சம் சிதறி விரிகிறது. அந்தச் சிதறல் லென்சுக்குள் நுழைந்தால்தான் கோடுகள் தெரியும். நேர் வெளிச்சத்தில் அது இரு புறமும் லென்சுக்கு வெளியே போய்விடலாம். வெளிச்சத்தைச் சாய்த்தால் ஒரு புறத்துச் சிதறலாவது உள்ளே வரும். குறுகிய நேர் கதிரோடு ஒப்பிட்டால், சாய்ந்த கதிரில் ஏறக்குறைய 2 மடங்கு நுணுக்கத்தைப் பிரித்துப் பார்க்கலாம். அதுவும் வெளிச்சம் வரும் திக்குக்குக் குறுக்கே உள்ள கோடுகளைத்தான். ஆகவே கண்ணாடித் தகட்டையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

தோழர்களே! இங்கேதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இவ்விதம் தெரிகிற மேடும் பள்ளமும் உண்மையான மேடு பள்ளமல்ல. அட்டையை அரை வட்டம் திருப்பினால் மேடாகத் தெரிந்தது பள்ளமாகிவிடும்! கண்ணால் கண்டதற்கே இந்தக் கதியென்றால், யாரோ கண்டதாக யாரோ சொன்னதைப் பற்றிக் கேட்பானேன்? "கண்ணால் கண்டேன்" என்பதோடு நில்லாமல், வெளிச்சத்தை மறுபுறமிருந்து விட்டும் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

இதெல்லாம் படித்த பண்டிதர்களுக்கல்லவா என்று நினைக்காதீர்கள். 1674இல் ஏரித் தண்ணீரில் சிற்றுயிர்களைக் கண்ட லேவன்ஹூக், ஹாலந்து தேசத்துத் துணி வியாபாரி. எந்தச் சர்வகலாசாலையிலும் படித்தவரல்ல. லண்டன் ராயல் சங்கத்தாரும் அவர் பேச்சை அப்படியே நம்பிவிடவில்லை. 1677இல் ராபர்ட் ஹூக் தாமே சோதித்துக் காட்டிய பிறகே ஒப்புக் கொண்டார்கள். சந்தேகப்பட்டது குற்றமுமல்ல, சந்தேகப்பட்டதால் உண்மை செத்துப் போகவுமில்லை.

இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். நரம்புச் சிலந்தி என்ற நோயைப் பெரியவர்கள் அறிவார்கள்; காலைத் துளைத்துக் கொண்டு நீண்ட புழு வெளிவரும். குளத்துத் தண்ணீரிலுள்ள சைக்ளாப்ஸ் என்ற சின்னஞ்சிறு பூச்சிக்குள்ளே அந்தப் புழுவின் குஞ்சு வளருகிறதென்று 1870ஐ ஒட்டி பெட்சென்கோ என்ற ருசியர் கண்டு சொன்னார். பிறகு தண்ணீரைத் துணியில் வடிகட்டியும், படிக்கிணறுகளை மாற்றியும், மருந்து போட்டும் நோயை விரட்டினார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி காணப்பட்டது 1996இல். 2000இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்நாட்டில் அது ஒழிந்ததென்று சான்று அளித்தது. எந்த மந்திரத்தால் ஒழிந்தது?

ஆனால் ஒன்று. உங்கள் மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகத் தண்ணீர் சுத்தம் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கும் அகப்படாத கிருமிகள் உண்டு. ஆகையால் கொதிக்க வைத்தே குடியுங்கள். அட்டையை உங்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள். பெண் குழந்தைகளிடமும் கொடுங்கள். தீர்த்தத்தில் ஒரு சொட்டு எடுத்துத் தாங்களே பார்க்கட்டும். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம் என்று கூறி, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.