வலிமையும் நிலையும்



ஜூடோ முதலிய தற்காப்புக் கலைகள் பயிற்றப்படும் இடங்களில் அடிக்கடி கேட்கும் சொல், "இன்னும் பலமாக இழு" என்பதாகும். மாணவன் இழுக்கிறான், எதிரி அசைவதில்லை. உடனே, "இவனுக்கு வலிமை போதாது" என முடிவு கட்டப்படுகிறது. அம்முடிவு பல வேளைகளிற் பிழையானது என்பதே இன்று யான் கூற விழைவது.

1882ஆம் ஆண்டில் யப்பானில் ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ, தோக்கியோவில் ஆசிரியர்களை உருவாக்கும் உயர் கலாசாலையொன்றின் தலைவராகவும் விளங்கியவர். ஜூடோவில் எறிதலை மூன்று படிகளாகக் கற்பிப்பர்: எதிரியின் சமநிலையைக் குலைத்தல், தன் உடலை உரிய இடத்திற் பொருத்துதல், அதன்பின் எறிதல்.

இதன் காரணத்தை, உடலசைவை ஆராயும் உயிரியக்கவியல் விளக்குகின்றது. அசையாது நிற்பவரின் புவியீர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக வரையப்படும் கோடு, அவர் பாதங்கள் அடைக்கும் பரப்பினுள் அமையும்வரை அவர் வீழார். அப்பரப்பை அது கடந்ததும், காலை மாற்றி வைத்தாலன்றி, வீழ்வார்.

தோளின்மேலாக எறியும் முறையை நோக்குவோம். மாணவன் முழங்காலை மடிக்காது நுழைந்தால், அவன் இடுப்பு எதிரியின் இடுப்பிலும் உயர்ந்து நிற்கும். முழுப் பாரத்தையும் முதுகினால் தூக்க நேரும். முழங்காலை மடித்துத் தாழ்ந்து நுழைந்தாலோ, அவன் உடல் அலவாங்கின் கீழிட்ட தாங்குகல்லைப் போலாகிவிடும். சிறு விசையே எதிரியைப் புரட்டப் போதும். இம்மாணவனுக்குக் குறைந்திருந்தது வலிமையன்று, நிலையே.

வீழ்தலுக்கும் இதுவே நியாயம். நாடியை மார்போடு சேர்த்து, கையைப் பரப்பிப் பாயில் அறைந்து வீழ்பவனின் தலை காக்கப்படுகிறது. தாக்கமும் ஓரிடத்திற் குவியாது பரவுகிறது. ஆகவே, எறியக் கற்பிக்குமுன் வீழக் கற்பித்தல் வேண்டும்.

இவற்றைக் காண்பதற்கு ஆய்வுகூடம் இன்றியமையாததன்று. கைத்தொலைபேசியிற் பக்கவாட்டாகப் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, முதலிற் பாதம், அடுத்து முழங்கால், பின்னர் இடுப்பு என நோக்குக. ஒரு வேளையில் ஒரு குறையை மாத்திரம் திருத்துக.

காரணம் அறியாத கண்டிப்பு, மாணவனின் முதுகையும் முழங்காலையும் மட்டுமன்றி, அவன் தன்னம்பிக்கையையும் முறித்துவிடும். காரணத்தைக் கண்டு கூறும் ஆசிரியனோ, "என்னால் இயலாது" என்றவனையே இயன்றவனாக்குகிறான். இது பயிற்சிக்கூடத்துக்கு மட்டுமன்றி, நம் வகுப்பறைகளுக்கும் பொருந்துவதன்றோ?