வெயில் சத்தும் மார்பில் வரும் கட்டியும்

(கம்மாபுரத்தில் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பேச வந்தது மார்பகப் புற்றுநோய் பற்றி. "இதைப் போயி ஆம்பிளைங்க நடுவுல பேசணுமா?" என்று பின் வரிசையில் ஒரு அம்மா முணுமுணுப்பது காதில் விழுகிறது. பேசத்தான் வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் இதற்குத்தான். கட்டியைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போவதா, அறுவடை முடியட்டும் என்று விடுவதா என்று முடிவு செய்வது பல வீடுகளில் புருஷன்தான். ஆகவே ஐயாமார்களும் எழுந்து போகாமல் கேளுங்கள்.

சமீப காலமாக என்னிடம் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "செல்போன்ல பார்த்தோங்க. வைட்டமின் டி கொறைஞ்சா மார்புல புத்து வருதாம், மாத்திரை போட்டா கரைஞ்சிடுமாம். நெசங்களா?" இதில் கால் பங்கு உண்மை உண்டு. மீதி முக்கால் பங்கு ஆளைக் கெடுப்பது. முதலில் அந்தக் கால் பங்கைச் சொல்கிறேன்.

வைட்டமின் டி என்பது வெயில் சத்து. நடுப்பகல் வெயில் தோலில் படும்போது உடம்பே இதைச் செய்து கொள்கிறது. சாப்பாட்டில் கிடைப்பது கொஞ்சம்தான். மத்தி மாதிரி மீனிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் இருக்கிறது. எலும்பு உறுதியாக இருக்க இது வேண்டும். "எங்க ஊரு வெயிலுக்கு இந்தச் சத்து எப்படிங்க கொறையும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் திருப்பதிப் பக்கத்துக் கிராமங்களில் வெயிலில் பாடுபடுகிறவர்களைப் பரிசோதித்தபோது அவர்களிலும் பலருக்குக் குறைவாகவே இருந்தது. நம் பெண்களையே பாருங்கள். களை எடுக்கப் போகும்போது புடவை மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. தோலில் வெயில் படுவதெங்கே? விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கு வர்ணம் பூசும் பெண்களுக்கோ பகல் முழுவதும் கொட்டகைக்குள்தான் வேலை. கறுத்த தோலுக்கு இந்தச் சத்தைச் செய்து கொள்ள நேரமும் கூடுதலாக ஆகும்.

இனி நோய்க்கு வருவோம். கனடா நாட்டு டொராண்டோ நகரில் மார்பகப் புற்றுநோய் வந்த 512 பெண்களைப் பல வருஷம் கவனித்தார்கள். நோய் கண்ட சமயத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு நோய் திரும்பி வருவதும், வேறு உறுப்புக்குப் பரவுவதும் அதிகமாக இருந்ததாக 2009இல் எழுதினார்கள். அதற்குப் பின் வந்த வேறு சில ஆராய்ச்சிகளும் இதே திசையைத்தான் காட்டின. கால் பங்கு உண்மை என்றேனே, அது இதுதான்.

ஆனால் இதை எப்படிப் புரிந்து கொள்வது? நட்ட வயலில் ஒரு பக்கம் பயிர் மஞ்சளாக நிற்கிறது; அந்தப் பக்கம் மகசூலும் குறைகிறது. மஞ்சள் ஆனதால் மகசூல் குறைந்ததா, வேர் அழுகியதால் மஞ்சளும் வந்து மகசூலும் குறைந்ததா? விவசாயி வேரைப் பிடுங்கிப் பார்ப்பான். அதைப் போல, நோய் முற்றிய பெண் வெளியே நடமாட மாட்டாள், சரியாகச் சாப்பிட மாட்டாள், வெயில் சத்தும் குறைந்துவிடும். உடம்பு பருத்தவர்களுக்கும் இரத்தத்தில் இது குறைவாகவே இருக்கும். பருமன் உள்ளவர்களுக்கு இந்த நோயும் கடுமையாகப் போவதுண்டு. ஆகவே குறைவு என்பது நோயின் காரணமா, அடையாளமா என்று இந்தக் கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

மாத்திரை கொடுத்தே பார்த்தால் என்ன? அதையும் செய்தார்கள். அமெரிக்காவில் 25,871 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு தினமும் 2000 யூனிட் வைட்டமின் டி, மீதிப் பேருக்குச் சத்தில்லாத வெறும் மாத்திரை என்று ஐந்து வருஷத்துக்கு மேல் கொடுத்தார்கள். 2018இல் முடிவு வெளிவந்தது. மாத்திரை சாப்பிட்டதால் புற்றுநோய் வருவது குறையவில்லை. இருக்கிற கட்டி வைட்டமின் மாத்திரையால் கரையும் என்பதற்கு ஆதாரமே கிடையாது.

அப்படியானால் இந்தச் சத்தே வேண்டாமா? வேண்டும். முக்கியமாக, சிகிச்சையில் இருக்கும் பெண்ணுக்கு எலும்பைக் காக்க வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு வருஷக்கணக்கில் கொடுக்கும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் எலும்பின் கெட்டித்தனத்தைக் குறைக்கும். அதனால்தான் டாக்டர் கூடவே சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் எழுதுகிறார். "எலும்பு மாத்திரைதானே" என்று அதை நிறுத்திவிடாதீர்கள். அதே சமயம் கடையில் விற்கும் 60,000 யூனிட் மாத்திரையை தினம் ஒன்றாக நீங்களே போட்டுக் கொள்ளவும் கூடாது. அது பெரும்பாலும் வாரம் ஒரு தரம் கொடுப்பது. மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, வாந்தி, மயக்கம், சிறுநீரகக் கோளாறு வரை கொண்டு விடும்.

புற்றுநோய் வந்த பெண்ணின் ஆயுளை எது தீர்மானிக்கிறது என்றால், எந்தக் கட்டத்தில் வந்து காட்டினாள் என்பதுதான் பெரும்பங்கு. நம் இந்தியாவிலேயே 11 புற்றுநோய்ப் பதிவேடுகளில், 2012 முதல் 2015 வரை நோய் கண்ட பெண்களின் கணக்கை எடுத்தார்கள். கட்டி மார்போடு நின்றிருந்தவர்களில் 100க்கு 81 பேர் ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அக்குள் போன்ற பக்கத்து இடங்களுக்குப் பரவியிருந்தவர்களில் 65 பேர். தூரத்து உறுப்புக்குப் போய்விட்டவர்களில் 18 பேர். எண்பத்தொன்று எங்கே, பதினெட்டு எங்கே! அந்த வித்தியாசத்தை எந்த மாத்திரையும் ஈடு செய்யாது. கட்டிக்குப் பத்துப் போட்டும், மந்திரித்தும், வைட்டமின் வாங்கித் தின்றும் போக்கும் ஆறு மாசத்தில்தான் 81 என்பது 18 ஆகிறது.

கட்டி ஆரம்பத்தில் வலிக்காது. இது பெரிய சூது. வலித்தால் ஓடி வருவீர்கள்; வலிக்காததால் "சூட்டுக் கட்டி" என்று விட்டுவிடுகிறீர்கள். தோல் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல் போலத் தடிப்பது, காம்பு உள்ளே இழுத்துக் கொள்வது, காம்பில் இரத்தம் கசிவது, அக்குளில் நெறி கட்டுவது, இதில் ஏதொன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். பால் கொடுக்கும் தாய்க்குப் பால் கட்டிக் கொள்வது சகஜம்தான். ஆனால் இரண்டு வாரத்தில் கரையாத கட்டியைப் பால் கட்டு என்று நம்பி இருக்கக் கூடாது. எல்லாக் கட்டியும் புற்று அல்ல, பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர். மாமியாரோ மருந்துக் கடைக்காரரோ அல்ல.

ஐயாமார்களுக்கு ஒரு வார்த்தை. இது தொத்து நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒன்றாக வாழலாம். "மார்பை எடுத்துட்டா என் புருஷன் என்னைப் பார்ப்பாரா" என்று வாய்விட்டுக் கேட்க முடியாமல் கட்டியை மறைக்கும் பெண்கள் உண்டு. அந்தப் பயத்தைத் தீர்க்க உங்களால்தான் முடியும். சீக்கிரம் வந்தால் பலருக்கு மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் சிகிச்சை கொடுப்பதும் நடக்கிறது.

பரிசோதனைக்கு மிஷின் எதுவும் முதலில் தேவையில்லை. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையார் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து இருபது வருஷம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2021இல் வந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப் பெண்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கையால் தடவிப் பார்த்ததிலேயே, 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் இந்த நோயால் சாவது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. அதே கைப் பரிசோதனையை 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகச் செய்கிறார்கள். பார்ப்பது பெண் செவிலியர்தான், மறைவான அறையில்தான். ஐந்து பத்து நிமிஷ வேலை.

சந்தேகம் என்றால் மேலே அனுப்புவார்கள். புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை, சென்னை அடையாறில் 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம் ஆகிய இடங்களில் சிகிச்சை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் இப்போதே எடுத்து வையுங்கள். நோய் வந்த பின் அதற்கு அலைந்தால் அதிலே ஒரு மாசம் போய்விடும். போகும்போது குடும்ப அட்டை, ஆதார், பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொள்ளுங்கள். அம்மாவைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பாமல் கூடவே போங்கள், ஐயா. டாக்டர் சொல்வதை இரண்டு பேராகக் கேட்டால் ஒருவர் மறந்தது மற்றவருக்கு ஞாபகம் இருக்கும்.